அமெரிக்கச் சிற்றூர் வங்கிகளின் பழைய டாலர் நோட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1863 முதல் 1935 வரை அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான ஊர்களில் இயங்கிய 'நேஷனல்' வங்கிகள், தங்கள் பெயரும் ஊரும் பொறித்த டாலர் நோட்டுகளை வெளியிட்டன. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்களில் சிலர், தாம் வசிக்கும் ஊரின் பெயர் தாங்கிய நோட்டு ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு இந்தச் சேகரிப்புக்குள் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஒரு சின்ன ஊர் வங்கி எப்படி டாலர் நோட்டு வெளியிட முடியும்? அது அரசாங்கத்தின் வேலை அல்லவா?

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் லிங்கன் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. நிதியமைச்சர் சால்மன் சேஸ் முன்னின்று கொண்டுவந்த 1863 பிப்ரவரி 25 சட்டமும், அதைத் திருத்தி எழுதிய 1864 ஜூன் 3 சட்டமும் ஓர் ஏற்பாட்டைச் செய்தன. மத்திய அரசிடம் பட்டயம் (வங்கி நடத்துவதற்கான உரிமம்) பெற்ற வங்கி, அரசின் கடன்பத்திரங்களை வாங்கி வாஷிங்டனில் உள்ள கருவூலத்தில் ஈடாக வைக்க வேண்டும்; அந்த ஈட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரை அந்த வங்கியின் பெயரில் நோட்டுகள் அச்சிட்டுக் கொடுக்கப்படும். 1900-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அளவை முழு முகமதிப்புக்கு உயர்த்தியது. இதனால் அரசுக்குக் கடன்பத்திரம் வாங்க ஆள் கிடைத்தது, மக்களுக்கு நாடெங்கும் ஒரே தோற்றத்தில் நம்பத்தக்க நோட்டு கிடைத்தது.

ஆகவே நோட்டை வெளியிட்டது வங்கி. அச்சிடும் ஏற்பாடும் பொறுப்பும் அரசினுடையவை. தொடக்கத்தில் நியூயார்க்கின் தனியார் அச்சு நிறுவனங்களும் பிற்பாடு வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகமும் அச்சிட்டன. வடிவமைப்பு எல்லா வங்கிக்கும் பொது. வங்கியின் பெயர், ஊர், மாநிலம், அலுவலர்களின் கையொப்பம் ஆகியவையே ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்துகின்றன.

அதற்கு முன்னால் வங்கிகள் நோட்டு வெளியிடவில்லையா?

வெளியிட்டன, அதுவும் கட்டுப்பாடின்றி. மாநிலங்கள் உரிமம் கொடுத்த வங்கிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவில் நோட்டு அடித்துக்கொண்டது. தொலைவூர் நோட்டைக் கடைக்காரர் கழிவு பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். கள்ள நோட்டைக் கண்டறிவதற்கென்றே பருவ இதழ்கள் வெளிவந்தன. 1865-இல் அந்த நோட்டுகள் மீது 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டு, 1866 முதல் அது நடைமுறைக்கு வந்ததும் அவை வழக்கொழிந்தன. அவற்றைச் சேகரிப்பது தனித்துறை. அவற்றுக்கு மத்திய அரசின் பொறுப்பு ஏதும் இல்லை. இங்கே நான் எழுதுவது 'நேஷனல்' வங்கிகளின் நோட்டுகளைப் பற்றி மட்டுமே.

வங்கி மூழ்கிவிட்டால் நோட்டு வைத்திருந்தவரின் பணமும் போய்விடுமா?

போகாது. ஈடாக வைத்த கடன்பத்திரங்கள் கருவூலத்தின் கையில் இருந்ததால், வங்கி மூடப்பட்டாலும் நோட்டுக்கு அரசு முழு மதிப்பைக் கொடுத்தது. 1930-களின் பெருமந்தத்தில் ஆயிரக்கணக்கான வங்கிகள் கதவடைத்தபோது, வைப்புத்தொகை போட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதே வங்கியின் நோட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு காசும் நட்டமில்லை.

இன்றைக்கும் இந்த நோட்டுகள் செல்லுபடியாகும், ஆனால் முகமதிப்புக்குத்தான். மிகச் சாதாரணமான நோட்டுகூடச் சேகரிப்பாளரிடம் அதைவிடக் கூடுதலாக விலைபோகும் என்பதால், வங்கியில் கொண்டுபோய்க் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

மொத்தம் எத்தனை வகை? பார்த்தவுடன் அடையாளம் காண முடியுமா?

அளவைக் கொண்டு முதலில் இரண்டாகப் பிரிக்கலாம். 1929-க்கு முற்பட்டவை ஏறத்தாழ ஏழரை அங்குல நீளமுள்ள பெரிய நோட்டுகள். 1929 வரிசை இன்றைய டாலரின் அளவில் இருக்கும்.

பெரிய நோட்டுகள் மூன்று பட்டயக் காலங்களைச் சேர்ந்தவை. முதற்காலத்து நோட்டுகளே வேலைப்பாட்டில் மிகச் சிறந்தவை என்பது என் கருத்து. ஒரு டாலர், இரண்டு டாலர் நோட்டுகள் அப்போது மட்டுமே வெளிவந்தன, 1879-இல் நின்றுபோயின. இரண்டு டாலர் நோட்டில் '2' என்னும் இலக்கம் படுத்த நிலையில் பெரிதாக இருப்பதால் அதைச் 'சோம்பேறி இரண்டு' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள். இரண்டாம் காலத்து 1882 வரிசையின் பின்புறத்தில் மூன்று வகை உண்டு: பழுப்பு நிறத்தில் நடுவே பட்டய எண் (ஒவ்வொரு வங்கிக்கும் அரசு கொடுத்த எண்) பெரிதாக அச்சிடப்பட்டது, '1882', '1908' என்ற ஆண்டுகள் அச்சிடப்பட்டது, மதிப்பு எழுத்தால் அச்சிடப்பட்டது. மூன்றாம் காலத்து 1902 வரிசையின் முகப்பில் முதலில் சிவப்பு நிறத்தில் கருவூல முத்திரை. பிறகு நீல முத்திரையுடன் பின்புறத்தில் '1902', '1908' ஆண்டுகள். கடைசியாக அதே நீல முத்திரை, ஆண்டுகள் இல்லாத பின்புறம். சிற்றூர் நோட்டுகளில் இந்தக் கடைசி வகைதான் நம் கண்ணில் அதிகம் படுவது.

பின்புறத்தில் ஆண்டுகள் ஏன் வந்தன என்றால், 1907 நிதி நெருக்கடிக்குப் பின் 1908 மே மாதத்தில் நிறைவேறிய சட்டம், கடன்பத்திரம் அல்லாத பிற ஈடுகளையும் ஏற்க வழிசெய்தது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு அச்சான நோட்டுகளின் முகப்பில் 'பிற ஈடுகளும்' என்ற பொருள்படும் சொற்கள் சேர்ந்தன, பின்புறத்தில் ஆண்டுகள் சேர்ந்தன.

1929 நோட்டில் முதல் வகை, இரண்டாம் வகை என்கிறார்களே, எப்படிப் பிரிப்பது?

இரண்டிலும் முத்திரை பழுப்பு நிறம். பட்டய எண் கறுப்பு மையில் முகப்பின் இடப்புறமும் வலப்புறமும் இருக்கும். 1933 முதல் 1935 வரை அச்சான இரண்டாம் வகையில், வரிசை எண்ணுக்கு அருகே பழுப்பு மையிலும் பட்டய எண் மேலும் இருமுறை வரும். அது இல்லையென்றால் முதல் வகை.

வரிசை எண்ணிலும் வேறுபாடு உண்டு. முதல் வகையில் ஆறு நோட்டு கொண்ட ஒரு தாளில் ஆறுக்கும் ஒரே எண். முன்னால் வரும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துதான் தாளில் அந்த நோட்டு இருந்த இடத்தைக் காட்டும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு நோட்டுக்கும் தனி எண். இரண்டாம் வகையின் காலம் குறுகியது என்பதால் பல ஊர்களுக்கு அதுவே அரிது.

என்னிடம் உள்ள 1929 நோட்டில் 'ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ' என்று இருக்கிறது. இதுவும் ஊர் வங்கி நோட்டுதானே?

அன்று. மேலே 'நேஷனல் கரன்சி' என்று அச்சிட்டிருப்பதாலும் முத்திரை பழுப்பாக இருப்பதாலும் புதியவர்கள் ஏமாந்துபோவது இந்த நோட்டில்தான். 1933 நெருக்கடியில் பணத்தட்டுப்பாட்டைச் சமாளிக்க, ஊர் வங்கிகளுக்கென வைத்திருந்த அதே அடிப்படை அச்சின் மீது, நாட்டின் மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பன்னிரண்டு ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் பெயரை அச்சிட்டு அவசரமாக வெளியிட்டார்கள். பட்டய எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏ முதல் எல் வரை ஏதேனும் ஓர் எழுத்து இருந்தால் அது இந்த இனம்.

நோட்டு முழுக்க எண்களாக இருக்கிறதே, எது எதைக் குறிக்கிறது?

1902 வரிசைப் பத்து டாலர் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். இடப்புறம் 1901-இல் கொலையுண்ட குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் உருவம். நடுவே வங்கியின் பெயர் கறுப்பில். நீல மையில் தடித்து நிற்கும் எண் பட்டய எண். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் அதே எண் ஓரச் சட்டத்தின் வேலைப்பாட்டுக்குள்ளும் பொடியாகப் பல இடங்களில் பொறித்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு வங்கிக்கும் அரசு கொடுத்த எண் இது. பிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்கு எண் 1; கடைசி எண்கள் 14,000-ஐத் தாண்டின. 1874-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நோட்டில் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

மற்ற இரண்டு எண்களில் ஒன்று கருவூலத்தின் வரிசை எண், மற்றொன்று அந்த வங்கிக்கு அனுப்பிய தாள்களின் வரிசை எண். சேகரிப்பாளருக்குப் பின்னதே முக்கியம்; அது 1 என்றால் அந்த வங்கிக்குச் சென்ற முதல் தாள் என்று பொருள், விலையும் அதற்கேற்ப ஏறும். 1925-க்குப் பிறகு கருவூல எண்ணை நிறுத்திவிட்டு இரண்டு இடத்திலும் வங்கியின் எண்ணையே அச்சிட்டார்கள். பட்டய எண்ணை ஒட்டி என், இ, எம், எஸ், டபிள்யூ, பி ஆகிய எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது நாட்டின் பகுதியைக் குறிக்கும். கிழிந்து திரும்பிவந்த நோட்டுகளைக் கருவூலத்தில் தரம் பிரிப்பதற்காக 1902 முதல் 1924 வரை சேர்க்கப்பட்டது.

முகப்பில் 1905-ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. அப்படியானால் 1905-இல் அச்சிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அந்தத் தேதி அச்சுத் தகட்டில் செதுக்கப்பட்டது. வங்கி பட்டயம் பெற்ற அல்லது நீட்டித்த காலத்தை ஒட்டியது. அதே தகட்டிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலும்கூட அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். மத்திய அரசு அலுவலர்களின் அச்சுக் கையொப்பங்களும் தகட்டோடு உறைந்துபோனவை என்பதால், அவற்றைக் கொண்டும் அச்சான ஆண்டைச் சொல்ல முடியாது. முந்தைய விடைகளில் சொன்ன அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும்: முத்திரையின் நிறம், பின்புறத்தின் வகை, பகுதி எழுத்து உண்டா, இரண்டு எண்களும் ஒன்றா. 1905 தேதியிட்ட நோட்டில் நீல முத்திரையும் ஆண்டுகளற்ற பின்புறமும் ஒரே எண் இருமுறையும் இருந்தால், அது 1925-க்குப் பின் அச்சானது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கையொப்பம் மங்கிப்போயிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. நோட்டு செல்லாததா?

பெரிய நோட்டுகள் வெட்டப்படாத தாள்களாக வங்கிக்கு வந்துசேர்ந்தன. வங்கியின் தலைவரும் காசாளரும் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, கத்தரியால் வெட்டிக் கல்லாவில் வைத்தார்கள். ஓரங்கள் கோணலாக இருப்பது அதனால்தான். பேனாவால் இட்ட கையொப்பம் காலப்போக்கில் பழுப்பேறும். ரப்பர் முத்திரையின் ஊதா மை ஏறக்குறைய மறைந்தே போகும். சிற்றூர்களில் காசாளரின் மகளோ மனைவியோ துணைக் காசாளராக இருந்து கையெழுத்திட்ட நோட்டுகளும் உண்டு. பெண்கள் கையொப்பமிட்ட நோட்டுகளை மட்டுமே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1929 வரிசையில் கையொப்பங்களும் அச்சிலேயே வந்துவிட்டன.

கையொப்பம் இல்லாமலும் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்ததற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1901 ஜூலை 3 அன்று மான்டானா மாநிலத்தில் வாக்னருக்கு அருகே 'வைல்டு பஞ்ச்' கும்பல் கிரேட் நார்தர்ன் ரயிலை மறித்து, ஹெலினா நகர வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த கையொப்பமிடாத நோட்டுகளைக் கொள்ளையடித்தது. கொள்ளையர்கள் தாங்களே கையொப்பம் போட்டுச் செலவழித்தார்கள். அந்த நோட்டுகளே அவர்களில் சிலரைக் காட்டிக்கொடுத்தன. இப்படித் திருடப்பட்ட நோட்டுகளுக்கும் வங்கி பொறுப்பு என்று 1892-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வகுத்திருந்ததால், அவற்றை அறியாமல் வாங்கியவருக்கும் பணம் கிடைத்தது.

பெரிய நகரத்து நோட்டு மலிவாகவும் பெயர் தெரியாத ஊரின் நோட்டு ஆயிரக்கணக்கில் விலையாகவும் இருப்பது ஏன்?

இந்தச் சேகரிப்பின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். 1900 வரை மிகச் சிறிய ஊரிலும் வங்கி தொடங்க 50,000 டாலர் மூலதனம் வேண்டும். 1900 மார்ச் 14 சட்டம், 3,000 பேருக்கு மிகாத ஊர்களில் 25,000 டாலர் போதும் என்றது. உடனே சமவெளி மாநிலங்களின் தானியக் கிடங்கு ஊர்களிலும் பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களிலும் வங்கிகள் முளைத்தன. இத்தகைய வங்கி தன் மூலதனத்தில் கால் பங்குக்குக் கட்டாயம் கடன்பத்திரம் வைக்க வேண்டும். அதாவது 6,250 டாலர். அந்தக் கட்டாய அளவோடு நின்றுவிட்ட வங்கியின் நோட்டுகள் எந்த நேரத்திலும் மொத்தம் 6,250 டாலருக்குத்தான் வெளியே இருந்தன. நியூயார்க், சிகாகோ வங்கிகளோ கோடிக்கணக்கில் வெளியிட்டன.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பெரிய நோட்டுகளில் வழக்கமான தாள் ஒன்றில் மூன்று பத்து டாலர் நோட்டுகளும் ஓர் இருபது டாலர் நோட்டும் இருந்தன. எனவே அந்த வங்கிக்கு இருபது டாலர் நோட்டு தொடக்கத்திலேயே பத்து டாலர் நோட்டின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான். நைந்த நோட்டுகளைக் கருவூலம் திரும்பப் பெற்று அழித்துவிட்டதால், தப்பியவை யாரோ பெட்டியில் மறந்துவைத்தவையோ ஆசைக்காக எடுத்துவைத்தவையோ மட்டுமே. நோட்டு வெளியிட்டதாகப் பதிவேட்டில் உள்ள பல வங்கிகளுக்கு ஒரு நோட்டுகூட இன்றுவரை வெளிவரவில்லை.

ஆகவே வடிவத்துக்கு விலை குறைவு, வங்கிக்கு விலை அதிகம். ஊரின் பெயருக்கும் ஒரு மவுசு உண்டு: அரிசோனா ஆட்சிப்பகுதியின் டூம்ஸ்டோன், டகோட்டா ஆட்சிப்பகுதியின் டெட்வுட் போன்ற பெயர்களுக்கும், மாநிலமாகும் முன்பே வெளியான அலாஸ்காவின் ஜூனோ, ஹவாயின் ஹொனலூலு நோட்டுகளுக்கும் ஆள் எப்போதும் காத்திருக்கிறார்கள்.

ஒரு வங்கிக்கு எத்தனை நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தத் துறையில் பல்லாண்டுகளாகச் சேகரிப்பாளர்கள் கணக்கெடுத்து வருகிறார்கள். ஏலப் பட்டியல்களிலும் கண்காட்சிகளிலும் வெளிப்படும் ஒவ்வொரு நோட்டையும் அதன் வரிசை எண்ணோடு பதிவு செய்கிறார்கள். ஒரே நோட்டு பத்து ஆண்டு கழித்து மீண்டும் விற்பனைக்கு வந்தால் எண்ணைக் கொண்டு அடையாளம் காண முடிகிறது. 1961-இல் தோன்றிய காகிதப் பணச் சேகரிப்பாளர் சங்கம், வங்கிகளின் வரலாற்றையும் அலுவலர் பெயர்களையும் இணையத்தில் தொகுத்து வருகிறது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இந்த நோட்டுகளின் தகட்டுச் சான்றுப் பிரதிகள் இருக்கின்றன. நோட்டே கிடைக்காத வங்கியின் நோட்டு எப்படி இருந்திருக்கும் என்று அங்கே பார்க்கலாம். வாங்கும் முன் பட்டய எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது என் கட்டாய அறிவுரை.

கசங்கிய நோட்டை வாங்கலாமா, புத்தம்புதிதுக்குக் காத்திருக்கலாமா?

மலிவாகக் கிடைக்கும் நகரத்து நோட்டு என்றால் நல்ல நிலையில் உள்ளதையே தேடுங்கள். மூன்றோ நான்கோதான் மிஞ்சியுள்ளன என்று கணக்கு சொன்னால், வங்கியின் பெயரும் பட்டய எண்ணும் தெளிவாகப் படிக்க முடிகிற எந்த நோட்டையும் விட்டுவிடாதீர்கள். தரநிர்ணய நிறுவனங்கள் 70 வரையிலான எண்ணால் நிலையைக் குறிக்கின்றன. 12 அல்லது 15 என்ற எண்ணைக் கண்டு சிற்றூர் நோட்டை ஒதுக்கியவர்கள், அடுத்தது வரப் பல ஆண்டு காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

போலிகளையும் பழுதுபார்த்ததையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலியைவிட, திருத்தி அழகுபடுத்திய நோட்டே பெரிய தொல்லை. ஊசித் துளையை அடைத்திருப்பார்கள், கிழிசலை ஒட்டியிருப்பார்கள், மங்கிய கையொப்பத்தின் மேல் புது மையால் இழுத்திருப்பார்கள். நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைத்த இடம் தடிமன் மாறித் தெரியும். புற ஊதா விளக்கில் ஒரு பகுதி மட்டும் வெளிறி ஒளிர்ந்தால் அங்கே புதிய தாளோ பசையோ இருக்கிறது. கையொப்பத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பழைய மை தாளில் ஊறியிருக்கும்; மேலெழுதிய மை மடிப்புக் கோட்டைத் தாண்டும்போது விரிசலுக்குள் வழிந்திருக்கும்.

பழுதுபார்த்தது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. விலையும் குறைந்திருக்க வேண்டும். சொல்லாமல் விற்பவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

அழுக்காக இருக்கிறது, சுத்தம் செய்து இஸ்திரி போடலாமா? எப்படிப் பாதுகாப்பது?

வேண்டாம். தண்ணீரில் அலசினால் தாளின் மொடமொடப்பும் மையின் புடைப்பும் போய்விடும். தரநிர்ணயத்தில் அது உடனே தெரிந்துவிடும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பி.வி.சி. கலந்த மெல்லிய உறைகள் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையே ஏற்றது. வெயிலும் ஈரப்பதமும் படாத இடத்தில், மடிக்காமல் வையுங்கள்.

ஒரே ஊர், ஒரே வங்கிப் பெயர், ஆனால் இரண்டு நோட்டில் பட்டய எண் வேறு வேறு. ஒன்று தவறா?

இரண்டும் சரியாக இருக்கலாம். தொடக்கச் சட்டத்தின்படி வங்கியின் ஆயுள் இருபது ஆண்டு. நீட்டிப்புக்கு வழிசெய்த சட்டம் 1882 ஜூலை 12 அன்றுதான் வந்தது. அதற்கு முன் காலம் முடிந்த வங்கிகள் கணக்கை முடித்துக்கொண்டு, அதே ஆட்களைக் கொண்டு அதே பெயரில் புதிய பட்டயம் பெற்றன. மூழ்கிப்போன வங்கியின் இடத்தில் வேறொருவர் அதே பெயரில் தொடங்கியதும் உண்டு. மறுதலையாக, பெயர் மாறியும் பட்டய எண் மாறாத வங்கிகள் பல. எனவே 'வங்கிக்கு ஒன்று' என்று சேகரிப்பவர்கள் பட்டய எண்ணையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். பெயர் மாற்றங்களையும் சேர்த்துச் சேகரிப்பது அவரவர் விருப்பம்.

1935-இல் ஏன் நின்றுபோனது?

நோட்டுக்கு ஈடாக வைக்கத் தகுதியுடைய இரண்டு விழுக்காட்டு வட்டிக் கடன்பத்திரங்களை அரசு 1935 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திரும்பச் செலுத்தி முடித்துவிட்டது. ஈடு இல்லாமல் நோட்டு இல்லை. அந்தப் பொறுப்பு ஃபெடரல் ரிசர்வ் அமைப்பிடம் போய்ச்சேர்ந்தது.

எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு பணம் வேண்டும்?

பெருநகர வங்கியின் 1929 வரிசைப் பத்து அல்லது இருபது டாலர் நோட்டு, புழங்கிய நிலையில், நூறு டாலருக்குள் கிடைக்கும். முதலில் அப்படி ஒன்றை வாங்கி, மேலே சொன்ன ஒவ்வோர் அடையாளத்தையும் அதில் நேரில் பார்த்துப் பழகுங்கள். பிறகு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் வாழும் மாவட்டம், படித்த பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், ஒரு ரயில் பாதையில் உள்ள ஊர்கள். எல்லை சிறிதாக இருந்தால் அந்த ஊரின் பழைய செய்தித்தாள்களில் காசாளரின் பெயரைத் தேடிப் படிக்கவும் நேரம் இருக்கும். என்னைப் பொறுத்தவரை பாதி இன்பம் அதில்தான்.

'இந்த வங்கிக்கு இது ஒன்றுதான் உள்ளது' என்று விற்பவர் சொல்கிறார். கேட்கிற விலையைக் கொடுக்கலாமா?

'தெரிந்தவரை ஒன்று' என்பதே சரியான சொல். மேலே சொன்ன கணக்கெடுப்பில் சரிபாருங்கள். அந்த வங்கி மொத்தம் எவ்வளவு வெளியிட்டது, 1935 வாக்கில் எவ்வளவு திரும்பாமல் இருந்தது என்ற பதிவுகளையும் பாருங்கள். திரும்பாத தொகை ஓரளவு பெரிதாக இருந்தால், யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டகத்திலிருந்து இன்னும் சில வெளிவர வாய்ப்புண்டு. அப்படி ஒரு கட்டு வெளிவந்த அன்றே விலை சரிந்த நோட்டுகள் உண்டு. தொகை மிகச் சிறிதாக இருந்து, வங்கி 1935-க்குப் பல ஆண்டு முன்பே மூடப்பட்டிருந்தால் அந்த அச்சம் குறைவு. அதே மாவட்டத்தில் அதே அளவு அரிதான வேறு வங்கியின் நோட்டு அண்மைய ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதை அளவாக வைத்துப் பேசுங்கள். அந்த ஊருக்காகவே தேடிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால் அதற்கு மேல் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். லாபத்துக்கு விற்கும் எண்ணத்தில் வாங்குகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள்.